வெள்ளிமேல் கண்ணாடி

பாபநாசத்திலிருந்து கல்யாணத்துக்கு நகை எடுக்கக் கும்பகோணம் போகிற குடும்பங்களுக்கு 916 என்ற எண் நன்றாகவே தெரியும். வளையலின் உட்பக்கம் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மீதி வேறு உலோகம் என்று பொருள். 24 பங்கில் 22. அதனால் 22 காரட். இப்போது, 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் செய்த ஒரு மேசைக் கடிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளிச் சட்டத்தின் ஓரத்தில் 88 என்று ஓர் எண் இருக்கும். ரஷ்யர்கள் அன்று சுத்த உலோகத்தை 96 பங்காகக் கணக்கிட்டார்கள். ஒரு பங்குக்கு ‘ஸோலோத்னிக்’ என்று பெயர். 88-ஐ 96-ஆல் வகுத்தால் 0.9167. நம் ஊர்த் தங்க வளையலின் அதே 916!

அன்றைய ரஷ்யாவில் வெள்ளிச் சாமான்களுக்குப் பொதுவான அளவு 84. கரண்டி, தட்டு, கிண்ணம் எல்லாம் அதிலேயே ஆகின. இந்தக் கடிகாரங்களைச் செய்தவர்களோ பல வேளைகளில் 88-ஐத் தேடினார்கள். சில வேளைகளில் 91-ஐயும். வாங்குபவர் பெருமைப்படட்டும் என்று செய்த வேலை இல்லை. அந்த வெள்ளியின் மேல் கண்ணாடியை உருக்கி ஒட்ட வேண்டியிருந்தது. கண்ணாடிக்கும் வெள்ளிக்கும் இடையே நடக்கிற அந்த நெருப்புச் சமாச்சாரம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். பெரும்பாலும் கையகலம்தான். வட்டம், சதுரம், முக்கோணம் எனப் பல வடிவங்கள். நடுவில் வெள்ளை முகப்பு, அதில் கறுப்பு எண்கள், மெல்லிய தங்க முட்கள். முகப்பைச் சுற்றி ஒரு வரிசை சிறு முத்துகள். சாய்த்து நிறுத்தப் பின்னால் ஒரு வெள்ளிக் கால். முகப்புக்கும் வெளிவிளிம்புக்கும் நடுவே இருக்கிற பரப்பில்தான் கண் நிற்கும். இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், ஊதா, பாசிப்பச்சை என்று ஏதாவது ஒரே நிறம். அந்த நிறத்துக்குள்ளே நடுவிலிருந்து ஒளிக்கதிர்கள் விரிந்து கிடக்கும். கடிகாரத்தைக் கொஞ்சம் சாய்த்தால் கதிர்கள் நகரும். விரலால் தடவினால் வழவழப்பு மட்டுமே. வரிகள் கண்ணுக்குத் தெரிகின்றன; விரலுக்கு அகப்படுவதில்லை.

இந்தக் கலையின் உச்சம் கார்ல் ஃபாபர்ஜேயின் நிறுவனம். 1842-இல் அவருடைய தந்தை குஸ்தாவ் தொடங்கிய நகைக்கடையை 1872-இல் கார்ல் ஏற்றார். 1885-இல் ஜார் மூன்றாம் அலெக்சாந்தர் தம் மனைவிக்கு ஈஸ்டர் பரிசாகக் கொடுத்த முட்டையைச் செய்து தந்ததிலிருந்து அரண்மனையின் பொற்கொல்லர் என்ற பெயரும் வந்தது. உலகம் அவரை முட்டைகளுக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கோ அந்தப் பட்டறையின் முழுத் திறமையும் மேசைக் கடிகாரத்தில்தான் தெரிகிறது. முட்டையில் வைரம் உண்டு, திறந்தால் உள்ளே ஒரு வியப்பு உண்டு. கண்ணை இழுக்கப் பல வழி. கடிகாரத்தில் ஒரு நிறப் பரப்பும் நேரமும் மட்டும். குறையை மறைக்க இடமே கிடையாது.

ஃபாபர்ஜே ஒவ்வொன்றையும் தம் கையால் செய்யவில்லை. சுமார் 500 பேர் வேலை செய்த நிறுவனம் அது. பட்டறைத் தலைவர்களுக்குக் கீழே வேலை பிரிந்து நடந்தது. 1886-லிருந்து 1903 வரை மிகாயில் பெர்ஹின், அவருக்குப் பின் பின்லாந்துக்காரரான ஹென்ரிக் விக்ஸ்ட்ரோம் ஆகிய இருவரும் தலைமைப் பட்டறையை நடத்தினார்கள். வடிவம் வரைபவர் ஒருவர், சட்டம் செய்பவர் ஒருவர், வரி செதுக்குபவர், கண்ணாடி உருக்குபவர், முத்துப் பதிப்பவர் என ஒரே கடிகாரம் பல மேசைகளைக் கடந்துதான் வெளியே வந்தது. தஞ்சாவூர்த் தட்டும் இப்படித்தான் உருவாகிறது: அடித்தட்டை உருட்டிக் கொடுப்பவர் ஒருவர், வெள்ளித் தகட்டில் உருவத்தை எழுப்புபவர் ஒருவர், அதைத் தட்டில் பதித்து முடிப்பவர் ஒருவர்.

கண்ணாடிக்கு அடியில் இருக்கிற வெள்ளித் தகட்டிலிருந்து தொடங்கலாம். கண் பார்க்கிற அந்தக் கதிர்கள் தகட்டில் செதுக்கிய நூற்றுக்கணக்கான நுண்வரிகள். இந்த வேலைக்குப் பிரெஞ்சில் ‘கியோஷே’ என்று பெயர். நுண்வரிக் கடைசல் என்று வைத்துக்கொள்வோம். வெறுங்கையில் உளி பிடித்து இத்தனை சீராக வரி போட முடியாது. மின்சாரமும் இங்கே இல்லை. கையால் சுற்றுகிற கடைசல் எந்திரம் ஒன்று இதைச் செய்தது.

சாதாரணக் கடைசலில் பொருள் தன் அச்சில் சுழலும், உளி நிற்கும்; விழுவது வட்டம். இந்த எந்திரத்தில் அச்சே ஆடும். அச்சோடு சேர்ந்து சுழலும் ஒரு பித்தளைச் சக்கரத்தின் விளிம்பு, இதழ் இதழாக ஏறி இறங்கும்படி வெட்டியிருக்கும். ஓர் உருளை அந்த விளிம்பை அழுத்திக்கொண்டே நிற்கும். மேடு வரும்போது அச்சு ஒரு பக்கம் தள்ளப்படும், பள்ளம் வரும்போது திரும்பி வரும். உளி அசையாமல் நின்றபடியே அலைக்கோட்டைக் கீறும். ஒரு சுற்று முடிந்ததும் உளியை ஒரு நூலிழை நகர்த்தி அடுத்த சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அலையைச் சற்றே தள்ளித் தொடங்கினால், மேடுகளும் பள்ளங்களும் விலகிக்கொண்டே போய்ச் சுழல்களாகவும் பின்னல்களாகவும் மாறும். நடுவிலிருந்து விரிகிற நேர்க்கதிர்களுக்கு வேறொரு எந்திரம். அதில் தகடு மேலும் கீழுமாக நேராக ஓடும். பாரிஸின் கடிகார மேதை பிரெகே 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தம் கடிகார முகப்புகளுக்கு இந்த வேலையைக் கொண்டுவந்துவிட்டார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுவிலிருந்து விளிம்பு வரை 5 சென்டிமீட்டர், வரிக்கு வரி கால் மில்லிமீட்டர் இடைவெளி என்றால் 200 சுற்று. ஒவ்வொரு வரியின் ஆழமும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வாக்கில், ஒரு தலைமுடியின் தடிமன். ஒரு கை எந்திரத்தைச் சுற்ற, மறு கை உளியை அழுத்திப் பிடிக்கும். அழுத்தம் இம்மி மாறினாலும் வரியின் ஆழம் மாறும். ஆழம் மாறினால் பிறகு நிறமே மாறிப்போகும். 199-ஆவது வரியில் கை தடுமாறினாலும் அழித்துவிட்டு மறுபடி போட வழியில்லை. இன்னொரு நிபந்தனையும் உண்டு. வரியின் சுவர்கள் உளி வெட்டும்போதே கண்ணாடியாகப் பளபளக்க வேண்டும். வெட்டிய பிறகு தேய்த்து மெருகேற்றினால் வரிகளின் கூர்மை மழுங்கிவிடும்.

இனிக் கண்ணாடி. எனாமல் என்றதும் நம் வீடுகளில் இருந்த நீல விளிம்பு வெள்ளைத் தட்டு நினைவுக்கு வரும். இரும்பின் மேல் வெள்ளைக் கண்ணாடியை உருக்கி ஒட்டிய தட்டு அது. அதுவும் ஃபாபர்ஜேயின் கடிகாரமும் ஒரே குடும்பம்தான். எனாமல் என்பது பெயிண்ட் இல்லை, முழுக்க முழுக்கக் கண்ணாடி. மணலில் இருக்கிற சிலிக்கா, அதோடு காரீய ஆக்சைடு, பொட்டாஷ், வெண்காரம். வெண்காரத்தை நம் பத்தர்கள் பொடி வைத்து ஊதும்போது சேர்ப்பார்கள். அங்கே அது உலோகத்தின் மேல் படிகிற கறையைக் கரைத்து நகையை ஒட்ட வைக்கும். இங்கே கண்ணாடி உருகும் வெப்பத்தைக் கீழே இறக்கும். இந்தச் சேர்மானங்கள் இல்லாமல், மணல் உருகுவதற்கு வெகு முன்பே வெள்ளி ஓடிப்போயிருக்கும்.

நிறமும் உலோகங்களின் கொடைதான். கண்ணாடியில் கோபால்ட் கலந்தால் நீலம். செம்பு கலந்தால் பச்சையும் மயில்நீலமும். மாங்கனீஸ் ஊதா தரும். வெள்ளீய ஆக்சைடு ஒளியை மறைத்துப் பால்வெள்ளை ஆக்கும். மிக அழகான இளஞ்சிவப்பும் மாணிக்கச் சிவப்பும் தங்கத்திலிருந்து வருகின்றன. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தங்கம் போதும். கண்ணாடிக்குள் அது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகச் சிதறி, பச்சை ஒளியை விழுங்கிச் சிவப்பை விட்டுவிடும். தங்கம் மஞ்சளாகத் தெரிய வேண்டுமானால் அது ஓரளவு பெரிய துண்டாக இருக்க வேண்டும். மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் வருகிற அளவுக்கும் கீழே போனால் தங்கமே சிவப்பு! ஃபாபர்ஜேயின் பட்டறை 140-க்கும் மேற்பட்ட நிறச் சாயல்களைக் கைவசம் வைத்திருந்தது.

நிறக் கட்டியை நொறுக்கிப் பொடியாக அரைத்து, தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். மாவாகிப்போன மிக நுண்ணிய துகள்கள் தங்கிவிட்டால் கண்ணாடி கலங்கலாகும். அவை தண்ணீரோடு போக வேண்டும். ஈரப் பொடியைத் தகட்டின் மேல் சீராகப் பரப்பி உலர்த்துவார்கள். பிறகு உலை. 700 முதல் 800 டிகிரி வரை வெப்பம். உள்ளே இருக்கிற நேரம் ஓரிரு நிமிடங்கள்தான். முதலில் பொடி இளகி மேடு பள்ளமாகத் திரளும், பிறகு சட்டென்று சமமாகிப் பளபளக்கும். அந்தக் கணத்தில் வெளியே எடுக்க வேண்டும். முந்தினால் பரப்பு சொரசொரக்கும். பிந்தினால் நிறம் கருகும், அல்லது வெள்ளியே வளையும். வெளியே வரும்போது அனலில் எல்லாமே ஒரே செந்நிறமாகத் தெரியும். ஆறிய பிறகுதான் நீலமா, பச்சையா என்று அடையாளம் காண முடியும். இப்படி ஐந்தாறு அடுக்கு. ஒவ்வோர் அடுக்குக்கும் தனியாக ஒரு தடவை உலை.

இங்கேதான் பெரிய சிக்கல் காத்திருக்கிறது. சூட்டில் பொதுவாக எல்லாப் பொருளும் விரியும், ஆறும்போது சுருங்கும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் சுருங்குவதில்லை. 10 சென்டிமீட்டர் வெள்ளித் தகடு 500 டிகிரியிலிருந்து அறை வெப்பத்துக்கு இறங்கும்போது கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் சுருங்கும். அதே நீள ஜன்னல் கண்ணாடி அதில் பாதிகூடச் சுருங்காது. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். எனாமல் பூச்சின் மொத்தத் தடிமனே ஒரு மில்லிமீட்டருக்குள்தான் என்பதை நினைத்தால் நிலைமை புரியும். இரண்டும் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருக்கின்றன, விட்டு விலகவும் முடியாது. ஜன்னல் கண்ணாடியை அரைத்து வெள்ளியில் உருக்கினால், ஆறுகிற வேகத்திலேயே படபடவென்று தெறித்துவிடும்.

வழி என்ன? கண்ணாடியின் கலவையை மாற்றி, அதன் சுருக்கத்தை வெள்ளியின் சுருக்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். சரியாகச் சமமாக்கவும் கூடாது. வெள்ளியைவிடக் கொஞ்சம் குறைவாகவே சுருங்கும்படி விட வேண்டும். நம் ஊர் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றுகிற முறையை நினைத்துப் பாருங்கள். பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மரச்சக்கரத்தின் மேல் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை நாலாபக்கமும் இறுக்கிப் பிடிக்கும். வெள்ளியும் அப்படியே ஆறும்போது கூடுதலாகச் சுருங்கித் தன்மேல் இருக்கிற கண்ணாடியை எல்லாப் பக்கத்திலிருந்தும் நெருக்குகிறது. கண்ணாடியை இழுத்தால் எளிதில் உடையும். நெருக்கினால் பல மடங்கு தாங்கும். நூறு வருஷம் கழித்தும் அந்தப் பூச்சு விரிசல் விடாமல் இருப்பதற்கு, அது பிறந்த நாள் முதல் நெருக்கத்தில் இருப்பதே காரணம்.

அந்த நெருக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. மேலே கண்ணாடி, கீழே வெறும் வெள்ளி என்றால் தகடு ஒரு பக்கமாக வளைந்துகொள்ளும். அதனால் யாரும் பார்க்காத பின்பக்கத்திலும் ஒரு கண்ணாடிப் பூச்சு போடுவார்கள். இரு பக்கமும் சமமாக இழுபட்டுத் தகடு நேராக நிற்கும். அகலம் கூடக் கூட இந்தச் சமன்பாடு கடினமாகும். ஒரு தோட்டில் எனாமல் போடுவது ஒரு வேலை. பத்து சென்டிமீட்டர் தட்டையான பரப்பில் குமிழியோ, தூசியோ, அலையோ இல்லாமல் போடுவது முற்றிலும் வேறு வேலை. மேசைக் கடிகாரத்தை இவ்வளவு தூக்கி வைத்துப் பேசுவது இதனால்தான்.

88-க்கும் இப்போது பதில் சொல்லிவிடலாம். சுத்த வெள்ளி 962 டிகிரியில் உருகும். அதில் செம்பு கலக்கக் கலக்க அது இளகத் தொடங்கும் வெப்பம் இறங்கும். 84 முத்திரை வெள்ளி 780 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும். உலையோ 800 டிகிரி வரை போகிறது. தகடு குழைந்தால் அத்தனை நுண்வரிகளும் போயிற்று. போதாததற்குச் செம்பு அதிகமானால் சூட்டில் கறுத்து, ஒளி ஊடுருவும் கண்ணாடிக்கு அடியில் அழுக்காகத் தெரியும். ஒவ்வொரு ஸோலோத்னிக் சுத்தமும் உலையில் சில டிகிரி சுதந்திரம் வாங்கித் தந்தது.

இந்த நெருப்புக்கு ஒரு படிவரிசை இருக்கிறது. என்னை மிகவும் வியக்க வைப்பது அதுதான். ஒவ்வொரு வேலையும் அதற்கு முந்தைய வேலையைவிடக் குறைந்த சூட்டில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் முந்தையது உருகிக் கலையும். சட்டத்தைப் பொடி வைத்துப் பற்றவைப்பது முதல் படி, அது மிக உயர்ந்த சூட்டில் உருகும் பொடியாக இருக்க வேண்டும். அடுத்தது சூடு அதிகம் கேட்கும் எனாமல், அதன்மேல் சீக்கிரம் உருகும் எனாமல். சில கடிகாரங்களில் அடுக்குகளுக்கு நடுவே தங்கத் தகட்டில் வெட்டிய மாலைகளையும் நட்சத்திரங்களையும் வைத்து மேலே இன்னோர் அடுக்கு உருக்குவார்கள். தங்கம் கண்ணாடிக்குள் மிதந்து நிற்கும். சிலவற்றில் ஓர் அடுக்கின் மேல் பழுப்பு நிறத்தில் மரக்கிளைகளைத் தீட்டி, அதையும் கண்ணாடியால் மூடுவார்கள். சிப்பியின் உள்பக்கச் சாயல் வேண்டுமானால், சற்றே பால்தன்மை கொண்ட கண்ணாடியை ஆரஞ்சு நிற அடுக்கின் மேல் உருக்குவார்கள். எல்லாம் முடிந்தபின் நெருப்புக்கு இடமே இல்லை. முகப்பு வளையம், முத்து வரிசை, தங்க மாலை எல்லாம் ஊசியாலும் மடிப்பாலும் திருகாலும் குளிர்ந்த நிலையில் பொருந்த வேண்டும். கடைசிப் படியை மனத்தில் வைத்துத்தான் முதல் படியைத் தொடங்கியிருப்பார்கள்.

உலையிலிருந்து வந்த கண்ணாடியின் மேல்பரப்பு இன்னும் அலையலையாகத்தான் இருக்கும். தண்ணீர் விட்டுக் கல்லால் தேய்த்துச் சமமாக்கி, பிறகு மரச்சக்கரத்திலும் மெல்லிய தோலிலும் மெருகிடுவார்கள். பல மணி நேர வேலை. இந்தக் கடைசிப் பொறுமையில்தான் ஃபாபர்ஜேயின் பட்டறையைப் பல போட்டிப் பட்டறைகளிலிருந்து கண்ணாலேயே பிரித்துவிடலாம்.

இப்போது ஒளியை உள்ளே விடுவோம். வெளிச்சம் நிறக் கண்ணாடிக்குள் இறங்கி, வெள்ளியில் பட்டு, மறுபடி கண்ணாடி வழியாகவே வெளியே வருகிறது. வரியின் முகட்டில் கண்ணாடி மெல்லியது, பள்ளத்தில் தடிமன். முகட்டில் போய்வந்த ஒளியில் பாதி மிஞ்சுகிறது என்றால், இரு மடங்கு தடிமனான பள்ளத்தில் பாதியின் பாதி, அதாவது கால்பங்குதான் மிஞ்சும். ஒரே கண்ணாடி, ஒரே கலவை. முகடு வெளிறியும் பள்ளம் அடர்ந்தும் தெரிகிறது. தலைமுடித் தடிமன் ஆழம் ஒரு நிறத்தைப் பல நிறமாக்குகிறது. வரிகளின் இரு சுவர்களும் இரு கோணங்களில் ஒளியைத் திருப்புவதால், நாம் தலையைச் சாய்க்கும்போது இருண்டது ஒளிர்ந்து ஒளிர்ந்தது இருள்கிறது. அசைவது நம் கண்; கதிர் ஓடுவதாகத் தோன்றுகிறது.

இந்த வித்தை இந்தியாவுக்கும் தெரியும். ஆம்பேர் அரசர் மான்சிங் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லாகூரிலிருந்து எனாமல் கலைஞர்களைத் தம் நாட்டுக்கு அழைத்து வந்ததாகச் சொல்வார்கள். ஜெய்ப்பூரின் மீனாகாரி வேலைக்கு அதுவே தொடக்கம் என்பது மரபு. தங்கத்தைக் குழித்து, குழியின் தரையில் நெருக்கமாக வரிகள் கீறி, அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பையும் பச்சையையும் உருக்குவார்கள். அடியில் வரி, மேலே நிறக் கண்ணாடி என்ற அதே உத்திதான். அங்கே உளியும் கையும், பீட்டர்ஸ்பர்க்கில் எந்திரமும் கையும். அங்கேயும் அதிகச் சூடு தாங்கும் நிறம் முதலில், சீக்கிரம் உருகும் சிவப்பு கடைசியில்.

நம் டெல்டா கண்ணாடியை உருக்கவில்லை. வேறு வழியில் போனது. பாபநாசம் ஸ்டேஷனில் கும்பகோணம் பக்கம் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் சுவாமிமலை, வெண்கல வார்ப்பின் ஊர். எதிர்த்திசையில் போனால் தஞ்சாவூர், தட்டின் ஊர். புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர்த் தட்டிலும் ஒளியே மூலப்பொருள். பித்தளையிலோ செம்பிலோ அடித்தட்டு, அதன்மேல் வெள்ளித் தகட்டில் எழுப்பிய உருவம். அச்சில் வைத்துத் தட்டிப் புடைத்த வெள்ளியின் உள்குழிவில் அரக்கை நிரப்பித் தட்டில் பதிப்பார்கள். வெள்ளைப் புடைப்பு மேலே, செம்மஞ்சள் தரை கீழே. விளக்கொளியில் இரண்டும் வெவ்வேறாக மின்னும். நெருப்பின் படிவரிசை இங்கேயும் உண்டு. தகட்டைப் பழுக்கக் காய்ச்சி இளக்குவது முதலில். மிதமான சூட்டில் இளகுகிற அரக்கு பிறகு. மாற்றிச் செய்தால் அரக்கு வழிந்து எரிந்துவிடும். இன்று நடுவில் கடிகாரம் பொருத்திய தஞ்சாவூர்த் தட்டுகளும் பரிசுப் பொருளாக விற்கின்றன. அவற்றையும் நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

கடிகாரத்தின் உள்ளே இருக்கிற பொறியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது ரஷ்யாவில் பிறந்ததே இல்லை. சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் ஊர்க்காரரான ஹைன்ரிஹ் மோசர் 1828-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்கிய நிறுவனம், ஃபாபர்ஜேக்குச் சுவிட்சர்லாந்துப் பொறிகளைக் கொடுத்தது. ஊசல் கிடையாது, சாய்த்து வைக்கிற கடிகாரத்தில் ஊசல் ஓடாது. அதற்குப் பதில், மயிரிழைச் சுருளோடு இருபக்கமும் திரும்பித் திரும்பி ஆடும் ஒரு சிறு சக்கரம். இத்தகைய பொறிகளில் வழக்கமான வேகம் நொடிக்கு 5 துடிப்பு, ஒரு நாளைக்கு 4,32,000. சாவி கொடுத்து முறுக்கிய வில்லின் விசையை அந்தத் துடிப்புகள் துளித்துளியாக வெளியே விடுகின்றன. முகப்பிலும் எனாமல்தான்: செம்புத் தட்டில் பால்வெள்ளைக் கண்ணாடி, அதன்மேல் கறுப்புக் கண்ணாடிப் பொடியால் எழுதி மறுபடி சுட்ட எண்கள். மங்கவே மங்காது.

1917-இல் புரட்சி. 1918-இல் நிறுவனம் அரசுடைமை ஆனது. ஃபாபர்ஜே நாட்டை விட்டு வெளியேறி 1920-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் காலமானார். சோவியத் அரசு அந்நியச் செலாவணிக்காக அரண்மனைப் பொருள்களை விற்றது. லண்டன் வணிகர்கள் வாங்கினார்கள். ஆர்மண்ட் ஹாமர் என்ற அமெரிக்கர் 1930-களில் அவற்றைப் பெருநகரக் கடைகளில் பரப்பி விற்றார். இன்று கதை தலைகீழ். ரோத்சைல்ட் குடும்பத்துக்காக 1902-இல் செய்த இளஞ்சிவப்பு எனாமல் கடிகார முட்டை, மணிக்கொரு தடவை சேவல் எழுந்து கூவுவது, 2007-இல் லண்டன் ஏலத்தில் 89 லட்சம் பவுண்டைத் தாண்டிப் போனது. அரண்மனைக்காக 1887-இல் செய்து, உள்ளே வாஷெரோன் கான்ஸ்டன்டின் நிறுவனத்தின் கடிகாரம் வைத்த தங்க முட்டை ஒன்று பல ஆண்டுகள் காணாமல் போயிருந்தது. அமெரிக்காவில் பழைய உலோகம் வாங்கி விற்கும் ஒருவர் அதைச் சுமார் 14,000 டாலருக்கு வாங்கி, உருக்கி விற்றால் லாபம் வரும் என்று வைத்திருந்தார். அவர் எதிர்பார்த்த விலை உருக்குபவர்களிடம் கிடைக்கவில்லை. அதனாலேயே அது பிழைத்தது! 2014-இல் உலகத்தின் முன் வந்தது.

விலை ஏறிய இடத்தில் போலியும் பெருகும். முத்திரைகளைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு நல்ல துப்பறியும் வேலை இது. ரஷ்ய அரசின் முத்திரையில் தலையணி அணிந்த ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம் இருக்கும். 1899 முதல் 1908 வரை அந்த முகம் இடது பக்கம் பார்க்கும்; 1908-க்குப் பிறகு வலது பக்கம். பெர்ஹின் 1903-இல் இறந்துவிட்டார். அவருடைய பெயரெழுத்தும் வலது பக்கம் பார்க்கும் முகமும் ஒரே கடிகாரத்தில் சேர்ந்திருந்தால், செய்தவருக்கு வரலாறு தெரியாது என்று முடிவு கட்டலாம். லண்டன் கிளையின் 1907 முதல் 1917 வரையான விற்பனைப் பேரேடுகள் தப்பிப் பிழைத்ததால், சில கடிகாரங்களை முதலில் வாங்கியவர் யார் என்பது வரை தேடிப் பிடிக்க முடிகிறது. இன்னொரு விஷயம்: பல கடிகாரங்களின் பின்பலகை யானைத் தந்தம். அப்படிப்பட்ட ஒன்றை விலைக்கு வாங்கி இந்தியாவுக்குள் கொண்டுவரச் சட்டம் இடம் தராது.

முத்திரையைவிடக் கடினமான சோதனை எனாமலின் நலம். கீழே விழுந்து ஒரு மூலை தெறித்தால், அந்த இடத்தில் மட்டும் புதுக் கண்ணாடி வைத்து உருக்கிவிட முடியாது. 700 டிகிரிக்குக் கொண்டுபோனால் பழைய விரிசல்கள் விரியும், ஓரங்கள் கருகும், முதல் படியில் பற்றவைத்த இணைப்புகளுக்கும் ஆபத்து. அதே நிறக் கலவையைத் திரும்பப் பிடிப்பதும் அரிது. அதனால் பழுதுபார்ப்பவர்கள் நிறமேற்றிய பிசினைக் குளிர்ந்த நிலையில் நிரப்புகிறார்கள். நேர்ப் பார்வைக்கு நிறம் பொருந்திவிடும். புற ஊதா விளக்கின் கீழ் பிசின் கண்ணாடியைவிட வேறு விதமாக ஒளிரும், காட்டிக்கொடுத்துவிடும். விளக்கு இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. தேர்ந்த சேகரிப்பாளர்கள் கடிகாரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சாய்ப்பார்கள். ஒளிக்கதிர் பரப்பெங்கும் தடையில்லாமல் ஓடி வரும். நிரப்பிய இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும்.